ஆறாவது மேஜையில் ஒரு கழித்தல் குறி

"நாப்பத்தெட்டா?" என்று கேட்டாள் மனைவி, தையல் மிஷினை நிறுத்தாமலே.

"நாப்பத்தெட்டு."

"பாஸுக்கு எவ்வளவு?"

"அம்பது."

மிஷின் நின்றது.

லைன்மேன் கதவருகே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். இருபத்தாறு வருடமாகக் கம்பம் ஏறிய முழங்கால்கள். இனி ஏறினால் இறங்கும்போது நாலு பேர்தான் இறக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஃபோர்மேன் ஆகிவிட்டால் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற வேலை. அதற்குத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. அடுத்த வருடம் என்ற பேச்சே இல்லை.

"எதுல போச்சு?"

"அந்த ஹெச்சுலதான்."

"எந்த ஹெச்சு? காஸ் ஹெச், சைன் ஹெச்சா?" மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே மூன்று மாதம் அவரைப் பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டவள். "ஹெச் இல்லாட்டி வர்க்கம் கூட்டல் வர்க்கம் ஒன்னு. ஹெச் இருந்தா வர்க்கம் கழித்தல் வர்க்கம் ஒன்னு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூட நானே சொல்வேனே. என்ன எழுதித் தொலைச்சீங்க?"

"கழித்தல்னுதான் எழுதினேன்."

"அப்புறம்?"

"கூட்டல்னு விடைக்குறிப்பு ஒட்டியிருக்காங்க."

"தப்பா ஒட்டியிருக்காங்கன்னு போய்ச் சொல்லுங்க."

"யார்கிட்ட?"

"தப்பா ஒட்டினவங்ககிட்ட."

"அவங்கதான் தேர்வு வாரியமே."

"வாரியம்னா காது கிடையாதா?" என்றாள் மனைவி. மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. பேச்சு முடிந்தது, கிளம்பு என்று அர்த்தம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே கம்பி தொய்ந்து தொங்குகிறதே, அந்தத் தொய்வின் வடிவம்தான் காஸ் ஹெச். ஆகவே கம்பி வேலைக்காரருக்கு இந்தக் கணக்கு வேண்டும் என்று வாரியம் முடிவு செய்ததில் தவறே இல்லை. தன் தலைக்கு மேலே இத்தனை வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்ததற்கு இப்படி ஒரு பெயர் உண்டு என்று தெரிந்தபோது லைன்மேனுக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

தகுதித் தேர்வு வாரியத்தில் மேஜைகளுக்கு எண் உண்டு. முதல் மேஜையும் இரண்டாம் மேஜையும் விடைக்குறிப்பு தயாரிப்பவை. முறையீடு மூன்றாம் மேஜைக்குப் போகும், அங்கிருந்து வரிசையாக மேலே. மூன்றாம் மேஜையில் கண்காணிப்பாளர் இருந்தார். மேஜைமேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் விதிகளின் நகல், அதன்மேல் அவருடைய முழங்கைகள்.

"உட்காருங்க," என்றார். "காஸும் சைனும் எத்தனை காலமா இருக்கு?"

"ரொம்பக் காலமா இருக்கு சார்."

"அதுங்களுக்குள்ள கூட்டல்தானே?"

"ஆமா சார். அதுங்க வட்டத்துல சுத்தறதுனால வர்க்கத்தைக் கூட்டினா ஒன்னு வரும். இதுங்க வட்டத்துல போறதில்லை சார், அதிபரவளையத்துல..."

"எதுல வேணும்னாலும் போகட்டும். குடும்பத்துக்குன்னு ஒரு பழக்கம் இருக்கில்ல? காஸ் குடும்பத்துல கூட்டல். வாலுல ஒரு எழுத்து ஒட்டிக்கிட்டா கூட்டல் கழித்தலாயிடுமா? என் பேருக்குப் பின்னாலயும்தான் மூணு எழுத்து ஒட்டிச்சு. பட்டம். ஒட்டினதுக்கப்புறம் நான் ஏதாச்சும் மாறினேனா?"

லைன்மேன் அவரை முன்பின் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்துக் கோப்புக் கட்டோடு உள்ளே வந்தாள் தபால் அக்கா. அந்தக் கட்டடத்தில் எந்தக் கோப்பு எந்த மேஜைக்குப் போனாலும் அவள் கைவழியாகத்தான் போகும்.

"இல்லீங்க சார்," என்றாள். "நீங்க படிக்கிறதுக்கு முன்னாடி எப்படியோ அப்படியேதான் இருக்கீங்க."

"கேட்டுக்கங்க," என்றார் கண்காணிப்பாளர், திருப்தியாக.

லைன்மேன் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தார். "ஒரே ஒரு நிமிஷம் சார். காஸ் ஹெச்சையும் சைன் ஹெச்சையும் கூட்டினா ஈ-யின் எக்ஸ் அடுக்கு. காஸ் ஹெச்சுலேருந்து சைன் ஹெச்சைக் கழிச்சா ஈ-யின் மைனஸ் எக்ஸ் அடுக்கு. அது வளர்ற அளவுக்கு இது தேயும். ரெண்டையும் பெருக்கினா எப்பவும் ஒன்னுதான். கூட்டினதையும் கழிச்சதையும் பெருக்கினா வர்க்கம் கழித்தல் வர்க்கம்னு பள்ளிக்கூடத்துலயே சொல்லிட்டாங்க. அவ்வளவுதான் சார் நிரூபணம்."

கண்காணிப்பாளர் காகிதத்தைத் தொடவில்லை. "முறையீட்டுப் படிவத்துல நிரூபணம்னு கட்டம் இருக்கா?"

"இல்லை சார்."

"தேவைன்னா வச்சிருக்க மாட்டாங்களா?"

பேச்சு அதோடு முடிந்தது. கண்காணிப்பாளர் கோப்பை இழுத்தார். குனிந்து கண்ணாடிக்கு அடியில் இருந்த எதையோ படித்தார். பிறகு பேனாவை எடுத்து, கூட்டல் குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் தெளிவாக ஒரு கழித்தல் குறி போட்டுக் கையெழுத்திட்டார்.

லைன்மேன் நாற்காலி நுனிக்கு வந்தார். "அப்ப நான் எழுதினது சரின்னு ஒத்துக்கிட்டீங்களா சார்?"

"நான் எதையும் ஒத்துக்கலை. என் கருத்து கூட்டல்தான். விதி பதினொன்னை அமல்படுத்தினேன், அவ்வளவுதான். கருத்து வேற, கோப்பு வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டா ஆபீஸ் எப்படி நடக்கும்?"

அன்று சாயங்காலம் மனைவி ஒரு சட்டைக்காலரை நாலு தடவை பிரித்துத் தைத்தாள். அவ்வளவு சந்தோஷம்.

பத்து நாள் கழித்து நான்காம் மேஜையிலிருந்து கடிதம் வந்தது. மேஜை என்று பெயர்தானே தவிர, அது ஒரு வல்லுநர் குழு. தலைவர் ஒருவர், அவரோடு உடன்படுகிற உறுப்பினர் இருவர். முறையீடு நிராகரிக்கப்படுவதாகவும் விடை கூட்டலே என்றும் கடிதம் சொன்னது. நேரில் விளக்கம் கேட்க வரலாம் என்றும் இருந்தது. லைன்மேன் போனார்.

"உங்க காகிதத்தைப் பார்த்தோம்," என்றார் தலைவர். "நாங்க வெறும் வாய்ப்பேச்சு ஆளுங்க இல்லை. சோதிச்சுப் பார்க்கிறவங்க. கோப்புல கழித்தல்னு இருந்துச்சு. எக்ஸுக்குப் பூஜ்யம் போட்டோம். காஸ் ஹெச் ஒன்னு, சைன் ஹெச் பூஜ்யம். ஒன்னு கழித்தல் பூஜ்யம் ஒன்னு. பொருந்திச்சு."

"பொருந்திச்சு," என்றார் முதல் உறுப்பினர்.

"அப்புறம் விதிப்படி குறியை மாத்தினோம். மறுபடி பூஜ்யம் போட்டோம். ஒன்னு கூட்டல் பூஜ்யம் ஒன்னு. இதுவும் பொருந்திச்சு."

"ரெண்டுமே பொருந்திச்சு," என்றார் இரண்டாம் உறுப்பினர்.

"ஆக, நாங்க மாத்தினதுனால எந்தக் கெடுதலும் வரலைன்னு நிரூபணமாயிடுச்சு. இந்தக் குழு வேலைல நாங்க ரொம்பக் கண்டிப்பு."

"சார்," என்றார் லைன்மேன், "பூஜ்யம் போட்டா எதுவும் பொருந்தும் சார். சைன் ஹெச்சே காணாமப் போயிடுதே. ஒன்னு போட்டுப் பாருங்க. காஸ் ஹெச் வர்க்கம் ரெண்டு புள்ளி மூணு எட்டு, சைன் ஹெச் வர்க்கம் ஒன்னு புள்ளி மூணு எட்டு. கழிச்சா ஒன்னு. கூட்டினா கிட்டத்தட்ட மூணே முக்கால் வந்துடும்."

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒன்னு போட்டா, ஏன் ரெண்டு போடலைன்னு ஒருத்தர் வருவார். ரெண்டு போட்டா மூணுக்கு ஒருத்தர். எண்ணுக்கு முடிவே இல்லை, எங்களுக்கு ஆபீஸ் நேரம்னு ஒன்னு இருக்கு. பூஜ்யம்தான் யாருக்கும் சொந்தமில்லாத எண். அதான் அதை வச்சுக்கிட்டோம். பத்து வருஷமா எந்த முற்றொருமையும் எங்ககிட்ட தோத்துப் போனதில்லை."

"ஒன்னுகூட இல்லை," என்றார்கள் இரண்டு உறுப்பினர்களும், ஒன்றாக.

வெளியே வந்த லைன்மேன் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். தபால் அக்கா கையில் அவருடைய கோப்பு. ஐந்தாம் மேஜைக்குக் கொண்டு போகிறாள்.

"என்ன தம்பி, இன்னிக்குத் தப்பா?"

"தப்பாம் அக்கா."

"அதான் போன தடவை வந்தீங்களே. கோப்பு மூணாம் மேஜைல இருந்தப்ப நீங்க சரிதான். நாளன்னிக்கு வாங்க, அஞ்சாம் மேஜைலயும் சரியாத்தான் இருப்பீங்க."

"எப்படி அக்கா சொல்றீங்க?"

"எனக்கு இந்தக் கணக்கெல்லாம் என்ன தெரியும்? கோப்பைத் தூக்கறப்ப பார்க்கறேன். ஒன்னாம் மேஜைல படுத்திருந்த கோடு ரெண்டாம் மேஜைல சிலுவையாயிடுது. மூணுல படுக்குது, நாலுல சிலுவை. ஒத்தைப்படை மேஜைல எல்லாம் படுக்கை. எல்லார் கண்ணாடிக்கு அடியிலயும் அந்த ஒரே காகிதம்தானே இருக்கு."

அந்தக் காகிதத்தை லைன்மேன் அன்றுதான் படித்தார். தாழ்வாரத்துச் சுவரிலும் ஒட்டியிருந்தார்கள். 'விதி பதினொன்று: முக்கோணவியல் முற்றொருமையை அதிபரவளைய முற்றொருமையாக ஆக்கும்போது, இரண்டு சைன்கள் பெருக்கப்படும் இடத்தில் குறியை மாற்றுக.' அருமையான விதி. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒருவர், ஒரு தடவை, மாற்றினால் போதும். ஆனால் யார் என்றும், எத்தனை தடவை என்றும் எழுதியிருக்கவில்லை. ஆகவே கடமை தவறாதவர்கள் நிறைந்த அந்த அலுவலகத்தில் ஒருவர் விடாமல் எல்லாரும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் மேஜை மாற்றியதை இரண்டாம் மேஜை மாற்ற, கூட்டல் கூட்டலாகவே அச்சேறிவிட்டது.

"அக்கா, மொத்தம் எத்தனை மேஜை?"

"ஆறு. ஆறாவது செயலாளர். அவர் போடறதுதான் முடிவு."

லைன்மேன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எண்ணாமலே தெரிந்த விஷயம்தான். ஆறு இரட்டைப்படை.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "ஏழாவதா ஒரு மேஜை போடச் சொல்லுங்க."

"நான் யாரு சொல்றதுக்கு?"

"சரி, ஆறு பேர்ல ஒருத்தர் லீவு போட்டா?"

"கோப்பு அவர் மேஜையிலேயே கிடக்கும். திரும்பி வந்து மாத்துவார்."

"அப்ப அந்தச் செயலாளர்கிட்டயே நேராப் போய் மாத்தாதீங்கன்னு சொல்லுங்க. மனுஷன்தானே."

மனிதர்தான். நல்ல மனிதரும்கூட. செயலாளர் லைன்மேனைக் கண்டதும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கோப்பு ஐந்தாம் மேஜையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தது. தபால் அக்கா சொன்னபடியே கோடு படுத்திருந்தது. செயலாளர் நிரூபணக் காகிதத்தை வாங்கி, அந்தக் கட்டடத்தில் முதல் ஆளாக, முழுவதும் படித்தார்.

"அழகா இருக்கு," என்றார். "வளர்றதும் தேயறதும் பெருக்கினா ஒன்னு. எனக்கே புரியுதே. கழித்தல்தான் சரி."

"அப்படியே கையெழுத்துப் போட்டுடுங்க சார்."

"அது முடியாதே."

"ஏன் சார்?"

"மாத்தாம கையெழுத்துப் போட்டா, படிக்காம போட்டுட்டேன்னுதானே நினைப்பாங்க? கீழே அஞ்சு பேர் மாத்தியிருக்காங்க. அஞ்சு பேரும் வேலை செஞ்சிருக்காங்கன்னு கோப்பைப் பார்த்தாலே தெரியுது. நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கேன்னு ஆகிடாதா? இந்த நாற்காலிக்கு வந்து பதினாலு வருஷமாச்சு. என் கைக்கு வந்த மாதிரியே ஒரு காகிதம்கூட வெளிய போனதில்லை." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "உங்க விஷயத்துல எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு. சரியான விடையை மாத்த வேண்டியிருக்கேன்னு. என்ன செய்யறது, பொறுப்புன்னு ஒன்னு இருக்கே."

அவர் பேனா மூடியைத் திறந்தார்.

லைன்மேன் அந்தப் பேனா முனையைப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் அறுந்த கம்பிகள் நிறையப் பார்த்தவர். அறுவதற்கு ஒரு நொடி முன்னால் கை தானாக எதையாவது பிடிக்கும். இப்போது பிடித்தது வாய்.

"சார், ஒரு தடவைதான் மாத்தப் போறீங்களா?"

"ஏன்?"

"தப்பா நினைச்சுக்காதீங்க. கீழே இருக்கிற அஞ்சு மேஜையும் ஆளுக்கு ஒரு தடவை மாத்தியிருக்கு. நீங்களும் ஒரு தடவை மாத்தினா, செயலாளர் மேஜைக்கும் மூணாம் மேஜைக்கும் என்ன சார் வித்தியாசம்?"

பேனா நின்றது.

"இவ்வளவு பெரிய பொறுப்புக்கு," என்றார் லைன்மேன், தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, "ரெண்டு தடவையாவது மாத்தணும் சார்."

செயலாளர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பதினாலு வருடத்தில் அவருடைய பதவியின் கனத்தை யாரும் இவ்வளவு துல்லியமாக அளந்து சொன்னதில்லை. சிவப்பு மையால் கழித்தலைக் கூட்டலாக்கினார். ஒப்பமிட்டார். பிறகு பச்சை மையை எடுத்து, கூட்டலை அடித்துவிட்டு ஒரு நீண்ட, நேரான கழித்தல் குறியைப் போட்டார். மறுபடி ஒப்பமிட்டார். தள்ளி வைத்துப் பார்த்தார்.

"வேலைன்னா இது," என்றார்.

லைன்மேன் ஐம்பது வாங்கினார். ஃபோர்மேன் ஆனார். முழங்காலுக்கு வேலையில்லை, கழுத்துக்குத்தான் வேலை.

கதையை இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் செயலாளர் நிறுத்தவில்லை. நல்ல பழக்கத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதமே சுற்றறிக்கை போய்விட்டது: இனி விடைக்குறிப்பு ஆறு மேஜைகளையும் தாண்டித்தான் அச்சேறும், ஒவ்வொரு மேஜையும் குறியை இரண்டு தடவை மாற்ற வேண்டும், முதலில் சிவப்பில், பிறகு பச்சையில். ஆறு மேஜைகளும் ராப்பகலாக உழைத்தன. மை வாங்கி மாளவில்லை. அடுத்த தேர்வின் கூட்டல், பன்னிரண்டு தடவை மாற்றப்பட்டு, ஒரு கீறலும் படாமல் கூட்டலாகவே விடைக்குறிப்பில் வந்து இறங்கியது.

நாற்பத்துமூன்று பேருக்கு இரண்டு மதிப்பெண் போயிற்று. அதில் மூன்று பேர் ஃபோர்மேனின் குழுவிலேயே கம்பம் ஏறுகிறவர்கள். அவர்களில் ஒருத்திக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அவள் ஒரு நாள் முழுக்கக் கம்பத்தின் உச்சியில் வேலை செய்தாள், கீழே பார்க்காமல். அண்ணாந்து பார்த்தபடியே நின்ற ஃபோர்மேனுக்குச் சோறு இறங்கவில்லை.

தபால் அக்கா ஃபோன் செய்தாள். "தம்பி, நீங்க சொல்லிக் கொடுத்த வித்தைதானாம். இப்ப எந்த மேஜையிலயும் யாருமே சரியில்லை. ஒத்தைப்படை, இரட்டைப்படை எல்லாம் போச்சு. வந்து ஏதாச்சும் செய்ங்க."

"நான் வந்து என்ன அக்கா செய்ய முடியும்?"

"செயலாளர் உங்களைத்தான் தேடறார். வெளி வல்லுநர்னு ஏழாவதா ஒரு மேஜை போடப் போறாராம், அங்க போடறதுதான் இனி முடிவாம். நீங்க இல்லாட்டி வேற யாரையாவது உட்கார வச்சுடுவார்."

மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "போங்க," என்றாள். "கட்டினவர்தான் அவிழ்க்கணும்."

ஏழாவது மேஜை தாழ்வாரத்தின் கோடியில், ஜன்னலை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. கண்ணாடி உண்டு. கண்ணாடிக்கு அடியில் விதி பதினொன்று உண்டு. சிவப்பு மை ஒரு புட்டி, பச்சை மை ஒரு புட்டி. செயலாளரே வந்து உட்கார வைத்தார். பன்னிரண்டு திருத்தங்களும் பன்னிரண்டு ஒப்பங்களும் கொண்ட விடைக்குறிப்புக் கோப்பை அவர் முன்னால் வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். தபால் அக்கா கதவருகே நின்றாள்.

ஃபோர்மேன் சிவப்பு மையைத் தொட்டார். கூட்டலை அடித்தார். பக்கத்தில் ஒரு கழித்தல் குறி போட்டார். ஒப்பமிட்டார். கோப்பை மூடி தபால் அக்காவிடம் நீட்டினார். அவள் வாங்கிய வேகத்தில் தாழ்வாரத்தில் பாதி தூரம் போய்விட்டாள்.

செயலாளர் பச்சை மைப் புட்டியைப் பார்த்தார். திறக்கவேயில்லை. பிறகு ஃபோர்மேனைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தடவைதானா?"

"ஆமா சார். ஒரு தடவைதான்."

செயலாளர் பச்சை மைப் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, நம்பியிருந்த ஒருவர் கைவிட்ட குரலில், மெதுவாகச் சொன்னார்:

"லைன்மேனா இருந்தப்ப எவ்வளவு பொறுப்பா இருந்தீங்க. ஃபோர்மேன் ஆனதும் நீங்களும் சோம்பேறி ஆயிட்டீங்களே."